முத்தம்மாள் எடுத்த நேர்காணல்

ரேணுகா முதியோர் இல்லங்களை ஆய்வு செய்யும் வேலைக்கு வந்து சில வருடங்களாகிவிட்டன. எந்த இல்லத்துக்குப் போனாலும் வாசலில் நீட்டும் டீயை வாங்க மாட்டாள். முதலில் கழிவறையைப் பார்ப்பாள், அப்புறம் சமையல் கட்டு, அதற்கப்புறம் எழுந்து நடக்க முடியாதவர்களின் முதுகு. "மொதல்ல முதுக காட்டச் சொல்லுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்" என்று அவள் சொல்லும்போதே பாதி இல்லங்களில் மேனேஜருக்கு வியர்த்துவிடும்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் அவள் மரக்காணத்துக்குக் கிளம்பியது ஒரு புகாரின் பேரில். புகார் கொடுத்தவன் சரவணகுமார், திண்டிவனத்தில் ஒரு டைல்ஸ் கடையில் மேனேஜர். அவனுடைய அம்மா முத்தம்மாளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. உப்பளத்தை ஒட்டியிருந்த 'கரையோரம்' முதியோர் இல்லத்தில் ஒரு வருடத்துக்கு மேலாகப் படுக்கையில் இருந்தாள். வேலைக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, முன்பின் தெரியாதவர்களை விட்டுக் கஞ்சி ஊட்டச் சொல்லி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதுதான் புகார்.

"எங்கம்மாவ காட்சிப் பொருளா ஆக்கிட்டாங்க மேடம்," என்று போனில் சொன்னான். "ஒருநாள் போனப்ப நானே என் கண்ணால பாத்தேன். அவங்களுக்கு ஒண்ணுமே புரியாது. டாக்டரே சொல்லிட்டாரு. புரியாதவங்கள வெச்சி இப்பிடி பண்ணலாமா?"

"நீங்க போனா அவங்ககூட எவ்ளோ நேரம் இருப்பீங்க?"

"வாசல்லருந்தே பாத்துட்டு வந்துடுவேன் மேடம். கிட்ட போயி பாக்க முடியல."

"இன்னைக்கி மத்தியானம் வாங்க. நான் அங்கதான் இருப்பேன்."

ரேணுகாவுக்கும் கோபம் இருந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதே பெரிய வேலை. பழகாத கை அவசரப்பட்டு ஊட்டினால் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு காய்ச்சல், ஒரு நிமோனியா, அவ்வளவுதான். புகார் உண்மையாக இருந்தால் கடுமையாகவே எழுதுவது என்று முடிவு செய்துகொண்டுதான் ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள்.

மரக்காணத்தைத் தாண்டியதும் பாதையின் இரண்டு பக்கமும் தண்ணீர். வெயில் காலத்தில் வெள்ளைக் கட்டங்களாகக் கிடக்கும் உப்புப் பாத்திகள் எல்லாம் மழையில் முழுகி ஒரே ஏரியாகியிருந்தன. கீற்று வேய்ந்து மூடிய உப்புக் குவியல்கள் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தன. இல்லம் ஒரு பழைய உப்புக் கிடங்கைத் திருத்திக் கட்டியது. சுவரில் உப்புப் பூத்து, அடித்த சுண்ணாம்பு அங்கங்கே உரிந்திருந்தது.

அதை நடத்தியவர் ஆரோக்கியசெல்வி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார், குரல் கணீரென்று இருந்தது. டீ வேண்டாம் என்றதும் அவர் சிரித்தார்.

"பாத்ரூம் அந்தப் பக்கம் மேடம். பாத்துட்டே வாங்க."

கழிவறைத் தரை காய்ந்திருந்தது, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருந்தது. சமையல் கட்டில் ஒரு குறையும் இல்லை. படுக்கையில் இருந்தவர்களைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு முதுகிலும் புண் இல்லை. தீயணைக்கும் சிலிண்டர் மட்டும் காலாவதியாகியிருந்தது. அதைக் குறித்துக்கொண்டாள். கூடத்தில் சிலர் மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அடுத்த வாரத்துக்கு என்ன குழம்பு என்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டிவி அணைந்திருந்தது. பகலெல்லாம் டிவி ஓடும் இல்லங்களையே பார்த்துப் பழகிய ரேணுகாவுக்கு அந்தச் சண்டை காதுக்கு நன்றாகவே இருந்தது.

"ஆள் எடுக்கறது எப்பிடின்னு சொல்லுங்க," என்றாள்.

"இன்னைக்கே இருக்குது மேடம். ரெண்டு பேர் வந்திருக்காங்க. நீங்களே பாருங்க."

"பேச முடியாத ஒரு நோயாளிய எதுக்கு நடுவுல உக்கார வைக்கறீங்க? அவங்க சம்மதிச்சாங்களா?"

ஆரோக்கியசெல்வியின் முகத்தில் சிரிப்பு போனது. "நல்லா பேசறவங்ககிட்ட எல்லாரும் ஒழுங்காத்தான் இருப்பாங்க மேடம். வாயத் தொறந்து கேக்க முடியாதவங்ககிட்ட எப்பிடி இருக்காங்கன்றதுதானே முக்கியம். மொதல்ல நான்தான் ஆள் எடுத்துக்கினு இருந்தேன். ரெண்டு தடவ தப்பான ஆள எடுத்துட்டேன். அப்புறம்தான் முத்தம்மாகிட்ட கேட்டேன். அவங்க சரின்னாங்க."

"எப்பிடி சொன்னாங்க?"

"எடது கை வேலை செய்யுது மேடம். ஒரு அழுத்து அழுத்துனா ஆமா. ரெண்டு அழுத்துனா இல்ல."

ரேணுகா நம்பவில்லை. நோயாளிக்குப் பதிலாகத் தாங்களே பேசிக்கொள்ளும் மேனேஜர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் நடப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள். ஆபத்து என்று தோன்றினால் அந்த நிமிடமே நிறுத்தச் சொல்லிவிடலாம். சுவரோரமாக, முத்தம்மாளின் முகம் தெரியும் இடத்தில் நின்றுகொண்டாள்.

முத்தம்மாளைக் கூட்டி வந்து நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். ஒடிசலான கறுத்த உடம்பு. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண்கள் மட்டும் யாரையும் விடாமல் ஒவ்வொருவராகப் பார்த்து வந்தன. பக்கத்தில் சளி உறிஞ்சும் மெஷினோடு ஆரோக்கியசெல்வி நின்றார். எதிரே இல்லத்தில் இருப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் காசிலிங்கம், ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர்.

முதலில் வந்தவன் முருகையன். உப்பளத்துக்காரன். மழைக் காலம் முடியும்வரை அளத்தில் வேலை இல்லை. முத்தம்மாள் தலையில் உப்புச் சுமந்த அதே அளத்தில்தான் அவனும் வேலை செய்திருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது.

"யக்கா, என்னைத் தெரியுதா? முருகையன் யக்கா! எப்பிடி இருந்த ஆளு நீ!"

உட்கார்ந்திருந்தவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. இவன்தான் என்று எல்லோரும் அப்போதே முடிவு செய்துவிட்டார்கள். ரேணுகாவுக்கும் அவனைப் பிடித்துவிட்டது.

அவன் ஆசையாக ஊட்டினான். கேழ்வரகுக் கஞ்சி. "சாப்புடு யக்கா, ஒடம்பு தேறணும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு ஸ்பூன், உடனே அடுத்தது. முத்தம்மாள் இரண்டு வாய் வாங்கினாள். மூன்றாவதற்கு உதட்டை மூடிக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு யக்கா" என்று அவன் ஸ்பூனை உதட்டுக்கு நடுவில் மெல்ல நுழைத்தான். அவள் இருமினாள். ரேணுகா சுவரை விட்டு முன்னால் வந்துவிட்டாள். அதற்குள் ஆரோக்கியசெல்வி முத்தம்மாளை முன்னால் சாய்த்துப் பிடித்திருந்தார். இருமல் அடங்கியது.

முத்தம்மாள் இடது கையை நாற்காலியின் கைப்பிடியிலிருந்து தூக்கினாள். உள்ளங்கையைக் கீழே கவிழ்த்தாள். வேண்டாம் என்று அர்த்தம்.

யாரும் எதிர்பார்க்கவில்லை. "யக்கா?" என்றான் முருகையன். கை கவிழ்ந்தபடியே இருந்தது.

"தப்பா எடுத்துக்காதப்பா," என்றார் காசிலிங்கம். அவருக்கே அது கஷ்டமாக இருந்தது தெரிந்தது. "அவங்க சொன்னா சொன்னதுதான்."

அவன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்தான். வீட்டுக்குப் போகவில்லை.

இரண்டாவதாக வந்த பெண் கலைமதி. வானூர் பக்கம். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்திருந்தாள். சிரிக்கத் தெரியாத முகம். யாருக்கும் வணக்கம்கூடச் சரியாகச் சொல்லவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர், "என்னமோ கோர்ட்டுக்கு வந்தாப்புல இருக்குதே இந்தப் பொண்ணு" என்று முணுமுணுத்தார்.

கலைமதி முத்தம்மாளுக்கு முன்னால் மண்டி போட்டாள். இப்போது அவள் முகம் முத்தம்மாளின் முகத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

"என் பேரு கலைமதி. கேழ்வரகுக் கஞ்சி இருக்குது. மோர் ஊத்தியிருக்காங்க. குடிக்கறீங்களா?"

ஸ்பூனை உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கண்ணில் படும்படி சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். முத்தம்மாள் உதட்டை இறுக்கி மூடியிருந்தாள்.

கலைமதி காத்திருந்தாள்.

மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள், பிறகு அதுவும் நின்றுபோனது. முத்தம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலைமதி வாயைத் திறக்கும்படி கெஞ்சவில்லை, சுற்றியிருந்தவர்களைப் பார்த்து அசடு வழியவும் இல்லை. முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்தாள். வெளியே உப்பளத் தண்ணீரில் வெயில் ஏறி, அதன் வெளிச்சம் கூடத்துக் கூரையில் அலை அலையாக ஆடியது. ரேணுகா எத்தனையோ இல்லங்களில் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்திருக்கிறாள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் மூச்சு விடக்கூட நேரம் தராமல் திணித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவார்கள். வாயைத் திறப்பது சாப்பிடுகிறவரின் உரிமை என்று யாராவது இப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

கடைசியில் முத்தம்மாளின் உதடு பிரிந்தது.

கலைமதி கொஞ்சமாக ஊட்டினாள். தொண்டை ஏறி இறங்கும்வரை தொண்டையையே பார்த்தாள். அப்புறம்தான் அடுத்த ஸ்பூன். நடுவில் முத்தம்மாள் திரும்பவும் வாயை மூடினாள். கலைமதி ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, "சரிங்க, போதும்" என்றாள்.

முத்தம்மாளின் கை எழுந்தது. உள்ளங்கை மெல்லத் திரும்பி வானத்தைப் பார்த்தது.

கூடமே மூச்சு விட்டது. காசிலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கம்மா கத்துக்கினே இத?" என்றார்.

"ட்ரெயினிங்ல எங்கள கட்டில்ல படுக்க வெச்சி, கையக் கட்டி, எங்களுக்கே ஊட்டுனாங்க சார். எனக்கு மூச்சு முட்டிடுச்சு. நிறுத்துங்கன்னு சொல்ல வாய்ல எடமில்ல." அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அந்த பயம் மறக்கல."

ரேணுகாவுக்குக் கையில் மயிர் சிலிர்த்திருந்தது. ஆனால் பார்த்ததை வைத்து மட்டும் புகாரை மூட முடியாது. அவள் முத்தம்மாளோடு தனியாகப் பேச வேண்டும் என்றாள். பணியாளர் ஒருவரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆரோக்கியசெல்வி மறுவார்த்தை சொல்லாமல் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கட்டிலின் கால்மாட்டில் நின்று, டேப்லெட்டில் இருந்த கேள்வியை ரேணுகா படித்தாள். "உங்கள இங்க யாராவது எதுக்காவது கட்டாயப்படுத்தறாங்களா?"

முத்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தமாக இன்னொரு தடவை கேட்டாள். கண் திறக்கவில்லை. மகன் சொன்னதுதான் சரியோ, ஒன்றும் புரியவில்லையோ என்று ஒரு கணம் நினைத்தாள். அப்போது கவிழ்ந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. டேப்லெட்டைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"என் பேரு ரேணுகா. ஆபீஸ்லருந்து வர்றேன். இந்த எடம் எப்பிடி இருக்குதுன்னு உங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சிக்கணும். உங்க கையப் பிடிச்சிக்கட்டுமா?"

கண் திறந்தது. இடது கையில் தன் விரல்களை வைத்தாள். ஒரு அழுத்து.

பதில் நம்பத்தக்கதுதானா என்று சோதித்துவிடுவது அவள் வழக்கம். "உங்க பேரு ரேணுகாவா?" இரண்டு அழுத்து. "முத்தம்மாளா?" ஒன்று. "நாம இருக்கறது வானூரா?" இரண்டு. இரண்டாவது அழுத்தில் லேசான எரிச்சல் இருந்தது போல் தோன்றியது.

"ஆள் எடுக்கறப்ப உங்கள உக்கார வைக்கறாங்களே, அது வேணான்னு தோணுதா?"

இரண்டு.

"உங்களுக்குப் பிடிச்சிருக்குதா?"

ஒரு அழுத்து. விடவேயில்லை. நீளமாக, ரேணுகாவின் விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு அழுத்தம். பேச்சும் நடையும் போய், உலகம் ஒன்றும் புரியாதவள் என்று எழுதித் தள்ளிவிட்ட ஒரு மனுஷி அந்த ஒரு கைக்குள் இவ்வளவு பலத்தோடு உட்கார்ந்திருக்கிறாள் என்பது ரேணுகாவைத் திகைக்க வைத்தது. அடுத்த கேள்வியைக் கேட்கத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

"இங்க எல்லாம் சரியா நடக்குதா?"

இரண்டு.

ரேணுகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாப்பாடா? இல்லை. குளிக்க வைப்பதா? இல்லை. ராத்திரியா? ஒரு அழுத்து.

"ராத்திரி ரெண்டு பேர் டூட்டின்னு சொல்றாங்க. ரெண்டு பேர் இருக்காங்களா?"

இரண்டு அழுத்து.

"ஒருத்தர்தானா? ... அவங்களும் தூங்கிடறாங்களா?"

ஒன்று. மறுபடியும் ஒன்று.

கதவைத் திறந்து ஆரோக்கியசெல்வியைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் நேராக முத்தம்மாளின் கட்டிலருகே வந்தார். தவறு அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. ராத்திரி ஆட்கள் இருவரும் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டுக்குப் போய்விடுவது வழக்கமாகியிருந்தது.

"முத்தம்மா, என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு. சொன்ன பிறகுதான் உறைத்தது போலிருந்தது. "நான் கேக்கவேயில்லையே. பகல்ல இருக்கறத மட்டுந்தான கேட்டேன்."

முத்தம்மாள் ஒரு தடவை அழுத்தினாள்.

சரவணகுமார் வந்தது அப்போதுதான். வழக்கம்போல அறை வாசலிலேயே நின்றுவிட்டான். ரேணுகா எழுந்து நாற்காலியைக் காட்டினாள்.

"உங்க புகாருக்கு உங்கம்மாவே பதில் சொல்லிட்டாங்க சார். நீங்களே கேட்டுக்கங்க. கையப் பிடிச்சிக்கினு கேளுங்க. ஒரு அழுத்து ஆமா, ரெண்டு அழுத்து இல்ல."

"அவங்களுக்குத்தான் புரியாதே மேடம்."

"கேளுங்க."

அவன் தயங்கித் தயங்கி உட்கார்ந்தான். அம்மாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"அம்மா, நான் யாருன்னு தெரியுதா?"

ஒரு அழுத்து. அவன் கைக்குள் ஏதோ சுட்டதைப் போல் விதிர்த்தான். ரேணுகாவைத் திரும்பிப் பார்த்தான். திரும்பவும் அம்மாவைப் பார்த்தான். இத்தனை நாளும் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனதையெல்லாம் இவள் படுத்தபடியே பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்துகொண்டே வருவது முகத்தில் தெரிந்தது.

"என் மேல கோவமா?"

ஒரு அழுத்து.

அவன் அழ ஆரம்பித்தான். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. "கோவப்படறாங்க மேடம்! எங்கம்மா கோவப்படறாங்க!" என்று யாரிடமோ நல்ல சேதி சொல்வதுபோல் சொன்னான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்தான். "வீட்டுக்கு வந்துடறியாம்மா? நான் பாத்துக்கறேன்."

முத்தம்மாள் அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இரண்டு தடவை அழுத்தினாள். ஆனால் கையை மட்டும் விடவில்லை. அவன் எழுந்திருக்கப் பார்த்தபோதும் விடவில்லை.

ஆரோக்கியசெல்வி சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ரேணுகா வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றாள். முழுகிக் கிடந்த அளம் கண்ணுக்கெட்டிய மட்டும் வானமாகவே இருந்தது. அவளுக்கு எதையாவது கும்பிட வேண்டும் போலிருந்தது. எதை என்று தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

அறிக்கையில் அவள் எதையும் பூசி மெழுகவில்லை. பகல் பராமரிப்பு, இல்லத்தில் இருப்பவர்களின் பங்கேற்பு இரண்டுக்கும் முழு மதிப்பெண். இரவுப் பணிக்கு மிகக் குறைந்த மதிப்பெண். திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்து, மொத்தத்தில் இரண்டாம் தரம் என்று எழுதினாள். புகாருக்கான பதிலில், நோயாளி தாமாகவே விரும்பி இதைச் செய்கிறார் என்பதைத் தனியாக விசாரித்து உறுதி செய்துகொண்டதாக எழுதினாள். இரண்டாம் தரமா என்று ஆரோக்கியசெல்வி போனில் சண்டை பிடித்தார். சண்டை முடிவதற்குள்ளாகவே இரவு ஆட்களை மாற்றிவிட்டதாகவும் சொன்னார்.

புதிதாக எடுத்த இரவு ஆட்களில் ஒருவன் முருகையன். அன்றைக்கு மூலையில் உட்கார்ந்திருந்தவன் மறுநாளும் வந்திருக்கிறான். கலைமதி ஊட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகி, கார்த்திகையில் மறுபடியும் முத்தம்மாளின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அந்தத் தடவை கை மேலே திரும்பியதாம்.

தை மாதம், திருத்தங்களைப் பார்க்க ரேணுகா திரும்பவும் போனாள். தண்ணீர் வடிந்து, அளத்தில் ஆட்கள் புது உப்புக்குத் தரை இறுக பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த சரவணகுமார் முத்தம்மாளின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் கஞ்சி ஸ்பூன். முத்தம்மாளின் வாய் இறுக மூடியிருந்தது.

"எவ்ளோ நேரமா?" என்று ரேணுகா மெதுவாகக் கேட்டாள்.

"தெரியல மேடம்," என்றான் அவன், அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அவசரம் இல்ல."